செத்தம் நூலகம் 1653-லேயே இலவசம் என்றால், 1852-ஐத் தொடக்கம் என்பது ஏன்?

ஏட்டுப்பூச்சி (கேள்வி):
மான்செஸ்டரில் ஹம்ப்ரி செத்தம் என்ற வணிகரின் உயிலின்படி 1653-இல் ஏற்பட்ட நூலகத்தில் யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845-இல் அங்கே அமர்ந்து படித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அதே ஊரில் 1852 செப்டம்பர் 2 அன்று கேம்ப்ஃபீல்டில் திறக்கப்பட்ட நூலகத்தையே இலவசப் பொது நூலகங்களின் தொடக்கமாக நூலகவியல் வகுப்பில் சொல்வது எதனால்?

பழைய அலமாரி:
செத்தம் நூலகம் ஒரு தனிமனிதரின் அறக்கொடை. அங்கே நூல்களைத் தொடக்கத்தில் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள், வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழியில்லை. கேம்ப்ஃபீல்டு நூலகமோ 1850-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்கீழ் நகர வரியால் நடந்தது. வரி செலுத்துவோரிடம் வாக்கெடுத்தபோது 3,962 பேர் ஆதரவாகவும் 40 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நூல்களைச் சந்தா இன்றி இரவலும் கொடுத்தார்கள். என் கணிப்பில், 'இலவசம்' என்பதைவிட இந்த இரவல்தான் பெரிய மாற்றம். பகலெல்லாம் ஆலையில் நிற்பவருக்கு, அங்கேயே உட்கார்ந்து படிக்கும் உரிமையால் எவ்வளவு பயன் இருந்திருக்கும்?

வரிக்கணக்கர்:
மேலே உள்ள பதிலோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் யூவர்ட் கொண்டுவந்த அந்தச் சட்டம், சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி மட்டுமே வரி விதிக்க இசைந்தது. அந்தப் பணத்தில் கட்டடமும் ஊழியரும் உண்டு, நூல் வாங்க முடியாது! படிப்பதே தமக்குப் பிடிக்காது என்று கர்னல் சிப்தார்ப் என்ற உறுப்பினர் எதிர்த்துப் பேசிய நாடாளுமன்றத்தில் அவ்வளவுதான் கிடைத்தது போலும். ஆகவே மேயராக இருந்த ஜான் பாட்டர் நன்கொடை திரட்டினார். தொழிலாளர்களும் குழு அமைத்துச் சிறு தொகைகளாகச் சேர்த்துத் தந்தார்கள். நூல் வாங்கும் அனுமதியும் ஒரு பென்னி வரியும் 1855-இல்தான் வந்தன. நம் ஊரில் வீட்டு வரியோடு நூலக வரி வசூலிக்க வழிசெய்த 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்காகப் பாடுபட்ட நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் இங்கிலாந்து சென்று அந்நாட்டு நூலகங்களை நேரில் கண்டு வந்தவர் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

பழைய அலமாரி:
வரிக்கணக்கர் ஐயா சொன்னது சரி. கேம்ப்ஃபீல்டு திறப்பு விழாவுக்கு ஆங்கில நாவலாசிரியர்கள் டிக்கன்ஸும் தாக்கரேயும் வந்திருந்தார்கள். தாக்கரே பேச்சைத் தொடர முடியாமல் பாதியிலேயே அமர்ந்துவிட்டாராம். முதல் நூலகரான எட்வர்ட் எட்வர்ட்ஸ் இத்தகைய நூலகங்களுக்காக யூவர்ட்டோடு சேர்ந்து வாதாடியவர். ஆனால் நகரக் குழுவோடு ஒத்துப்போகாததால் 1858-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு முன்பே, 1857-இல், ஹல்ம், ஆன்கோட்ஸ் ஆகிய தொழிலாளர் பகுதிகளில் கிளைகள் திறக்கப்பட்டன. மையக் கட்டடம் அவ்வளவு காலம் தாங்கவில்லை. சமவுடைமைச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவனின் இயக்கத்தாரிடமிருந்து வாங்கிய அந்தப் பழைய மண்டபம் பாதுகாப்பற்றது என்று கண்டு, 1870-களின் பிற்பகுதியில் நூல்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.