அல்ட்ராசவுண்டில் தற்செயலா கிட்னியில கட்டி தெரியுது. அடுத்து எந்த டெஸ்ட், எங்க போகணும்?

பாலக்கோடு_மேற்கு:
அம்மாவுக்கு வயசு 58. பித்தப்பைக் கல் சந்தேகத்துல தருமபுரியில வயிறு ஸ்கேன் எடுத்தோம். கல் இருக்கு, சின்னதுதான். ஆனா ரிப்போர்ட் கடைசியில இப்படி ஒரு வரி: வலது சிறுநீரகம், கீழ் முனை, 3.1 × 2.8 செ.மீ. ஹைப்பர்எக்கோயிக் கட்டி, கான்ட்ராஸ்ட் சிடி (ஊசியில மருந்து ஏத்தி எடுக்கிற ஸ்கேன்) தேவை.

யூரின்ல ரத்தம் இல்ல, இடுப்பு வலி இல்ல, காய்ச்சல் இல்ல, எடையும் குறையல. சுகர் இருக்கு, மெட்பார்மின் 500 காலையும் ராத்திரியும். கிரியாட்டினின் 1.1, லேப்ல நார்மல்னு போட்டிருக்கு. பாத்த டாக்டர் "கொழுப்புக் கட்டியா இருக்கலாம், சிடி எடுத்துட்டு வாங்க"ன்னார்.

கேள்விகள்: கொழுப்புக் கட்டின்னு நம்பி விட்டுடலாமா? சுகர்காரங்களுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா? ஊசி குத்தி சதை எடுத்தா பரவிடுமா? சேலமா, வேலூரா, பெங்களூரா? அப்புறம், எங்க பக்கம் போர் தண்ணியில புளோரைடு அதிகம், அதனால வந்திருக்குமா?

சிடி_அறை:
கடைசிக் கேள்வி சுலபம், அதை முதல்ல முடிச்சுடறேன். புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதுக்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் தண்ணி வந்துச்சு. அதுக்கும் இந்தக் கட்டிக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இப்ப ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஹைப்பர்எக்கோயிக்னா, திரையில சுத்தியிருக்கிற கிட்னி சதையைவிட வெளுப்பாத் தெரியுது, அவ்வளவுதான். கொழுப்பும் ரத்தக்குழாயும் தசையும் கலந்த ஆஞ்சியோமயோலைப்போமாங்கிற சாதுவான கட்டி இப்படித் தெரியும். டாக்டர் சொன்னது அதைத்தான். ஆனா சின்ன சைஸ் புற்றுக்கட்டியிலயும் ஒரு பங்கு இதே வெளுப்புல விழும். அல்ட்ராசவுண்டை வெச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது. அதனால விட்டுடாதீங்க, சிடி கட்டாயம்.

எந்த சிடிங்கிறதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சீட்டுல "வயிறு, கான்ட்ராஸ்ட்"னு மட்டும் இருந்தா, பல சென்டர்ல மருந்து ஏத்தி 70 நொடி வாக்குல ஒரே ஒரு சுற்று எடுத்து அனுப்பிடுவாங்க. கிட்னி கட்டிக்கு அது போதாது. மருந்துக்கு முன்னாடி ஒரு சுற்று வேணும், மருந்து போய் 30–40 நொடியில ஒண்ணு, 100 நொடி வாக்குல இன்னொண்ணு. கிட்னிக்குள்ள யூரின் சேருற இடத்தை ஒட்டிக் கட்டி இருந்தா சில நிமிஷம் கழிச்சு கடைசியா ஒண்ணு. "ரீனல் புரோட்டோகால்"னு டாக்டர்கிட்ட சீட்டுலயே எழுதி வாங்குங்க. மருந்துக்கு முன்னாடி எடுத்த படம் இல்லைன்னா ஒப்பிட எதுவும் இருக்காது. திரும்ப எடுக்கணும்னா பணம், மருந்து, கதிர்வீச்சு மூணும் ரெட்டிப்பு.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, விடை ஒரு கழித்தல் கணக்குல இருக்கு. சிடியில ஒவ்வொரு இடத்துக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் வரும். தண்ணி 0, கொழுப்பு மைனஸ். கட்டி மேல வட்டம் போட்டா எண் காட்டும். மருந்துக்கு முன்னாடியே மைனஸ் 10க்குக் கீழ காட்டுற இடம் உள்ள இருந்தா கொழுப்பு இருக்கு, பெரும்பாலும் ஆஞ்சியோமயோலைப்போமாதான். முன்னாடி 30, பின்னாடி 90ன்னா வித்தியாசம் 60, ரத்த ஓட்டம் உள்ள திடக்கட்டி. 20 கூடினாலே அப்படித்தான் எடுத்துக்கணும். 10க்குள்ள கூடினா ரத்த ஓட்டம் இல்ல. நடுவுல மாட்டினா எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுல இந்த ரெண்டு எண்ணும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. "என்ஹான்சிங்"னு ஒரு வார்த்தையோட முடிச்சிருந்தா எண்ணைக் கேளுங்க, தப்பில்ல.

அம்மாவுக்கு வீட்டுலயே மூச்சுப் பழக்கம் கொடுங்க. நிறுத்துன்னா 15 நொடி அசையாம நிறுத்தணும், ஒவ்வொரு சுற்றுலயும் அதே அளவு மூச்சு. ஒரு தடவை ஆழமா இழுத்து அடுத்த தடவை கொஞ்சமா இழுத்தா கிட்னி மேலயும் கீழயும் நகர்ந்துடும், வட்டம் வேற இடத்துல விழும், கணக்கு தப்பும். ஊசி முழங்கை மடிப்புல, பிங்க் கலர் வென்ஃப்ளான்ல (நரம்புல விடற ஊசிக்குழாய்) போடச் சொல்லுங்க. புறங்கையில மஞ்சள் கலர்ல போட்டா மருந்து ஏத்துற வேகத்துக்குத் தாங்காது, மருந்து தோலுக்கடியில ஊறி கை வீங்கும். மருந்து போகும்போது உடம்பு பூரா சூடு பரவும், யூரின் போயிட்ட மாதிரி இருக்கும், வாயில ஒரு உலோக ருசி வரும். அது சகஜம். அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தா மட்டும் உடனே சொல்லணும். முன்னாடி எப்பவாவது கான்ட்ராஸ்ட் ஊசியில அலர்ஜி வந்திருந்தா, ஆஸ்துமா இருந்தா, போகும்போதே சொல்லிடுங்க.

கிட்னி போயிடுமான்னா, கிரியாட்டினினை மட்டும் பாக்காதீங்க. 58 வயசுப் பெண்ணுக்கு 1.1ன்னா, இ.ஜி.எப்.ஆர். (கிட்னி ரத்தத்தை வடிகட்டுற வேகம்) கணக்குப் போட்டா 58 வாக்குல வரும். லேப் நார்மல்னு போட்டாலும் கொஞ்சம் குறைவுதான். ஆனா பயம் 30க்குக் கீழ இருக்கறவங்களுக்கு. அம்மாவுக்கு ஊசி போடலாம். முந்தின நாளும் அன்னைக்கும் தண்ணி நல்லாக் குடிக்கட்டும், டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை அந்த ரெண்டு மூணு நாள் வேண்டவே வேண்டாம். மெட்பார்மினை 30க்கு மேல இருந்தா நிறுத்தத் தேவையில்லைங்கிறது இப்பத்திய வழிகாட்டு. இருந்தும் பல சென்டர்ல 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வாங்க. சொன்னா கேட்டுக்குங்க, சண்டை வேண்டாம். ஆனா அந்த ரெண்டு நாள் சுகருக்கு என்ன பண்றதுன்னு சுகர் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

தகடூர்_மாமா:
தம்பி, பதறாதீங்க. வாழைத்தண்டு சாறு, சிறுபீளைக் கஷாயம் ஒரு மண்டலம் குடிச்சா தானா கரையும். எத்தனையோ பேருக்குக் கரைஞ்சிருக்கு.

சிடி_அறை:
மாமா, அது கல்லுக்குச் சொல்ற வைத்தியம். கல்லுன்னா யூரினோட வெளிய வரலாம். இது சதை, கரைஞ்சு போறதுக்கு வழியே இல்ல. வாழைத்தண்டு பொரியல் தாராளமாச் சாப்பிடட்டும். ஆனா பஸ்பம், செந்தூரம்னு பேரு தெரியாத பொட்டலம் எதுவும் இந்த நேரத்துல வேண்டாம். அதுல உலோகம் இருந்தா அடி வாங்கறது கிட்னிதான்.

ஓபி_சீட்டு:
கிருஷ்ணகிரிப் பக்கத்துல இருந்து. இடம், பணம் பத்தி மட்டும் சொல்றேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. இல்லைன்னா வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். மாட்டறது எங்கன்னா பேர்ல. ஆதார்ல இனிஷியல் ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல வேற மாதிரி, இல்லைன்னா அம்மா பேரே கார்டுல இல்லாம இருக்கும். அதை முதல்ல திருத்துங்க. ஆபரேஷனுக்கு முன் அனுமதி ஆஸ்பத்திரிதான் வாங்கும். அட்மிட் ஆன பிறகு அட்டை தேடினா நாள் போயிடும். சிடிக்கும் அட்டை செல்லுமான்னு காப்பீட்டு மேசையில கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.

பாலக்கோட்டுல இருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை பஸ்லயே போய் வரலாம். சி.எம்.சி.ன்னா வேலூர் ஊருக்குள்ள ஒரு வளாகம், ராணிப்பேட்டை பக்கம் ஒண்ணு. அப்பாயின்ட்மென்ட் சீட்டுல எதுன்னு பாத்துட்டு கிளம்புங்க, தப்பான இடத்துல இறங்கினா அரை நாள் போச்சு. பெங்களூர்னா, நம்ம அட்டை அங்க எடுப்பாங்களான்னு அந்த ஆஸ்பத்திரியில கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஊர் எதுவா இருந்தாலும் பாக்க வேண்டியது கிட்னி ஆபரேஷன் பண்ற யூரோ சர்ஜன், மருந்து கொடுத்துப் பாக்கற நெப்ராலஜிஸ்ட் இல்ல. இந்தக் குழப்பத்துலயே ஒரு வாரம் போறவங்க உண்டு.

ஃபிலிமை ஜன்னல்ல வெச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. சென்டர்ல ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க் கேட்டு வாங்குங்க, ரெண்டு காப்பி. சர்ஜன் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாத்தான் ஆழம் தெரியும்.

பாலக்கோடு_மேற்கு:
எல்லாருக்கும் நன்றி. சிடி வந்துடுச்சு. முன்னாடி 34, பின்னாடி 102. கொழுப்பு இல்லை. 3.2 செ.மீ., பாதிக்கு மேல கிட்னிக்கு வெளிய தள்ளியிருக்கு. ரீனல் வெயின் (கிட்னியோட பெரிய ரத்தக்குழாய்) சுத்தம், நெறி கட்டல் இல்லை, இடது கிட்னி நார்மல். ஒரு தனியார் மருத்துவமனையில காட்டினோம். முழுக் கிட்னியையும் எடுத்துடணும், பயாப்சி (ஊசி குத்தி சதை எடுக்கிறது) தேவையில்ல, அடுத்த வாரமே வாங்கன்னாங்க. பெட் சிடியும் (உடம்பு பூரா புற்றைத் தேடற ஸ்கேன்) எழுதிக் கொடுத்திருக்காங்க. அம்மாகிட்ட இன்னும் எதுவும் சொல்லல.

யூரோ_வார்டு:
102லிருந்து 34 போனா 68. ரத்த ஓட்டமுள்ள திடக்கட்டி, கொழுப்பும் இல்லை. புற்றுன்னு எடுத்துக்கிட்டுத்தான் திட்டம் போடணும். ஆனா 4 செ.மீ.க்குள்ள இருக்கிற இந்த மாதிரிக் கட்டிகளை எடுத்துப் பார்த்தா ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு சாதுவாவே இருக்கு. புற்றாவே இருந்தாலும் நீங்க சொன்ன அளவுக்கும் இடத்துக்கும் அது டி1ஏ, ஆரம்ப நிலை.

அடுத்த வாரமேங்கிற அவசரம் இதுக்கு இல்ல. இந்த சைஸ் கட்டிகள் சராசரியா வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ரெண்டாவது கருத்து கேக்க மூணு நாலு வாரம் எடுத்துக்கிட்டா ஒண்ணும் கெட்டுடாது. அதுக்காக ஆறு மாசம் தள்ளிப் போடவும் வேண்டாம்.

முழுக் கிட்னியை எடுக்கிறதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. 4 செ.மீ.க்குள்ள, கீழ் முனையில, பாதிக்கு மேல வெளிய தள்ளி நிக்கிற கட்டிக்கு முதல்ல யோசிக்க வேண்டியது பார்ஷியல் நெப்ரெக்டமி. கட்டியைச் சுத்தி ஒரு விளிம்போட அதை மட்டும் வெட்டிட்டு, மிச்சக் கிட்னியை வெச்சுக்கிறது. இந்த அளவுல புற்றைக் கட்டுப்படுத்தறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வித்தியாசம் மிஞ்சுற கிட்னியிலதான். அம்மாவுக்குச் சுகர் இருக்கு, இ.ஜி.எப்.ஆர். இப்பவே 58. ஒரு கிட்னியை முழுசா எடுத்துட்டா அது நல்லா இறங்கும், அப்புறம் சுகரும் சேர்ந்து மிச்சத்தை அரிக்கும். யூரின்ல அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் (கிட்னியில புரதம் கசியுதான்னு காட்டும்) இன்னும் பாக்கலைன்னா பாத்துடுங்க, அது கூடியிருந்தா இந்த வாதத்துக்கு இன்னும் வலு.

சர்ஜன்கிட்ட இப்படிக் கேளுங்க: ரீனல் ஸ்கோர் (கட்டியை மட்டும் வெட்டறது எவ்வளவு கஷ்டம்னு சொல்ற மதிப்பெண்) எவ்வளவு? 4 முதல் 6 வரைன்னா சுலபம், 10ம் அதுக்கு மேலயும்னா கஷ்டம். கட்டிக்கும் யூரின் சேருற இடத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி? 7க்கு மேல இருந்தா நல்லது. பார்ஷியல் நீங்க வழக்கமாப் பண்றதுண்டா? ரத்தக்குழாயை கிளாம்ப் போட்டு நிறுத்திட்டுத்தான் வெட்டித் தைப்பாங்க. அந்த நேரம் 25 நிமிஷத்துக்குள்ள முடியணும். கை பழகாத இடத்துல "முழுசா எடுத்துடலாம்"னு சொல்றதுக்குக் காரணம் சில சமயம் இதுதான். கட்டி நடுவுல, பெரிய குழாய்கிட்ட இருந்தா முழுசா எடுக்கிறதே சரின்னும் ஆகலாம். அப்ப காரணத்தை அவங்க படத்துல காட்டுவாங்க.

பயாப்சி: எப்படியும் வெட்டி எடுக்கப் போறோம்னா தேவையில்லைன்னு சொல்றது நியாயம்தான். பத்துல ஒண்ணு சரியான விடை தராமலும் போகும். வேற இடத்துல புற்று இருந்தவங்களுக்கு, லிம்போமா (நிணநீர்ப் புற்று), காசநோய், சீழ்க்கட்டி சந்தேகத்துக்கு, இல்ல ஆபரேஷனைத் தவிர்க்க நினைக்கிறவங்களுக்குக் கட்டாயம் பயன்படும். ஊசித் தடத்துல பரவறது மிக மிக அபூர்வம். "கத்தி பட்டா பரவிடும்"ங்கிற பேச்சு ஊர்ல ஓயாது, அதுக்காக சிகிச்சையை நிறுத்தாதீங்க.

பெட் சிடி இதுக்கு வேண்டாம். அதுல போடற சர்க்கரை மருந்து யூரின் வழியாத்தான் வெளிய போகும், கிட்னியே பளிச்னு தெரியும், கட்டி அதுல மறைஞ்சுடும். நெஞ்சுக்கு ஒரு சிடி எடுத்தா போதும். எலும்பு வலி இல்லைன்னா போன் ஸ்கேனும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சுக்குங்க. வீட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு யூரின் திடீர்னு சிவப்பாவோ கட்டி கட்டியாவோ வந்தா, தண்ணி குடிச்சா சரியாகும்னு காத்திருக்காதீங்க. தைச்ச இடத்துல ரத்தக்குழாய் பிதுங்கிக் கசியும். தொடை வழியா குழாய் விட்டு அடைக்கிற வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ராத்திரியானாலும் கிளம்பணும். அந்த வசதி உங்க இடத்துல இருக்கான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க. ஆறு வாரம் குடம், பால் கேன், மாவாட்டுறது எதுவும் கிடையாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறாங்கன்னா ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே சொல்லணும்.

அம்மாகிட்ட சொல்லிடுங்க. கையெழுத்து போடப் போறது அவங்க. வார்டுல பக்கத்துக் கட்டில்காரர் வாயால தெரிஞ்சா அதுதான் பெரிய அடி. "கிட்னியில ஒரு கட்டி இருக்கு, சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிருக்கு, அதை மட்டும் எடுத்துடலாமான்னு கேட்டுட்டு இருக்கோம்"னு சொன்னா போதும், பொய்யும் இல்ல.

பாலக்கோடு_மேற்கு:
ரொம்ப நன்றிங்க. பித்தப்பைக் கல்லையும் அதே மயக்கத்துல எடுத்துடலாமான்னு அம்மா கேக்கறாங்க.

யூரோ_வார்டு:
பித்தப்பையும் இந்தக் கிட்னியும் ரெண்டுமே வலது பக்கம்தான், அதனால சில சர்ஜன்கள் சேர்த்துப் பண்றதுண்டு. ஆனா கல்லால வலி இல்லைன்னா அதை எடுக்கவே தேவையில்லாமலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்க, சேர்த்துப் பண்ணியே ஆகணும்னு பிடிவாதம் வேண்டாம். சாப்பிட்டதும் மேல் வயிறு வலது பக்கம் பிடிக்குதா, வாந்தி வருதான்னு மட்டும் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க.