மறு: ‘ஸ்க்ரப்’ என்பதற்குத் ‘துடைப்பு’ சரிவருமா?

வணக்கம்.

வீட்டுக் கோப்பு வழங்கிக் கையேட்டின் வரைவில் ‘ஸ்க்ரப்’ என்பதைத் ‘துடைப்பு’ என்று போட்டிருக்கிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் ‘வட்டைத் துடை’ என்று திரையில் ஒரு பொத்தான் இருந்தால் யார் துணிந்து அழுத்துவார்? உள்ளதெல்லாம் போய்விடும் என்றுதான் பயப்படுவார்கள். நடப்பதோ நேர்மாறு. ஸ்க்ரப் ஓடும்போது இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமை, தான் எழுதிய ஒவ்வொரு தொகுதியையும் திரும்ப வாசித்து, எழுதும்போதே தரவிலிருந்து கணக்கிட்டுக் குறித்துவைத்த சிறு எண்ணோடு, அதாவது சரிபார்ப்புத்தொகையோடு, பொருத்திப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால், ஒரே தரவை இரண்டு வட்டிலும் எழுதிவைக்கும் இணைவட்டிலுள்ள நல்ல படியை எடுத்துக் கெட்டதைச் சரிசெய்கிறது.

அச்சகத்தில் இந்த வேலைக்கு நெடுநாளாகப் பெயர் உண்டு: மெய்ப்புப் பார்த்தல். ‘வட்டு மெய்ப்பு’ என்று வைக்கலாமா?

---

> ‘வட்டு மெய்ப்பு’ என்று வைக்கலாமா?

சொல் பிடித்திருக்கிறது, ஒரு தடையும் இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர் மூலப்படியை வைத்துத் திருத்துவார். ஒற்றை வட்டில் மூலப்படிக்கு எங்கே போவது? வாரம் ஒருமுறை செருகிக் காப்பெடுக்கும் யூஎஸ்பி வட்டு அப்படிப்பட்டதுதான். பிழை தெரியும், கெட்ட கோப்பின் பெயரும் கிடைக்கும், திருத்தம் நடக்காது. வழங்கியிலிருந்து அந்தக் கோப்பை மறுபடி நகலெடுக்க வேண்டும்.

இன்னொன்று. லினக்ஸில் வட்டுகளை இணைக்கும் எம்டிஏடிஎம் (mdadm) கருவியின் இணைவட்டில் ஓடும் ‘செக்’குக்கும் இதே சொல்லா? அங்கே சரிபார்ப்புத்தொகையே கிடையாது. இரண்டு வட்டிலும் இருப்பது ஒன்றுதானா என்று மட்டும் பார்க்கும். வேறுபட்டால் எது மெய் என்று அதற்குத் தெரியாது. ‘ரிப்பேர்’ கொடுத்தால் ஒன்றை எடுத்து மற்றதன்மேல் எழுதும். கெட்டதை எடுத்து நல்லதன்மேல் எழுதினாலும் எழுதும்.

---

இரண்டாவதற்கும் அச்சகமே விடை வைத்திருக்கிறது: ஒப்புநோக்கல். எம்டிஏடிஎம் செய்வது அது மட்டும்தான். ‘மெய்ப்பு’ என்ற பெயர் அதற்குத் தகாது.

முதலாவதற்கு, காண்பதையும் திருத்துவதையும் முடிவு வரியிலேயே பிரித்துவிடுவோம். இணைவட்டில் ‘பிழை 3, திருத்தியது 3’. ஒற்றை வட்டில் ‘பிழை 3, திருத்தியது 0’. பயனர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சுழியத்தைப் பார்த்தாலே விளங்கும்.

கையேட்டில் சேர்க்க வேண்டியவை: மாதம் ஒரு மெய்ப்பு போதும். டெபியன் லினக்ஸில் இசட்எஃப்எஸ் நிறுவினால் இரண்டாம் ஞாயிறன்று அது தானே தொடங்கும். 4 டெராபைட் தரவை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் வாசிக்க ஏறக்குறைய ஏழரை மணி நேரம். சின்னக் கோப்புகள் மிகுந்தால் இன்னும் இழுக்கும். காப்பெடுக்கும் நேரத்தோடு மோதவிடாதீர்கள். ஒரே வட்டில் மட்டும் பிழை எண்ணிக்கை ஏறினால் முதலில் அந்த வட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி, எண்ணிக்கையைச் சுழியாக்கி, மறுபடி மெய்ப்பு ஓட்டுங்கள். இரண்டிலும் சேர்ந்து ஏறினால் வட்டை வாங்க ஓடுமுன் ரேமையும் மின்வழங்கியையும் சோதியுங்கள்.

---

வினையாகவும் புழங்குகிறது: ‘மெய்ப்புப் பார்’, ‘மெய்ப்பை நிறுத்து’, ‘கடைசி மெய்ப்பு: 12 நாள் முன்’. பொத்தானில் அடங்கிவிடும். ‘மெய்ப்புப் பார்’ என்பதில் நடுவில் வரும் ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையையும் அதே பக்கத்தில் போடலாம். தவறுதலாக அழித்த கோப்பைப் பற்றி மெய்ப்பு மூச்சு விடாது. இணைவட்டிலும் அதே நொடியில் அழிந்திருக்கும். அதற்குக் காப்புதான் வழி.

வரைவில் ‘துடைப்பு’ வரும் இடமெல்லாம் மாற்றுகிறேன். ‘பழைய வட்டைத் துடைத்துவிட்டுச் சேர்க்கவும்’ என்ற வரியை மட்டும் தொடவில்லை. அங்கே அது நிஜமாகவே துடைப்புதான்.