கஜா வந்த வருடம் அண்ணன் வாய்க்காலில் நின்ற இரவு

மனநோய் உள்ளவரோடு வாழும் மூன்று குடும்பத்தார் எழுதியவை இவை.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து:

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். தினமும் ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டால் வயலுக்குப் போவார், மாட்டைப் பார்த்துக்கொள்வார், ரேஷன் கடைக்கும் அவர்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் வீட்டு ஓடு பறந்தது, ரோடெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் காகித உறையில் போட்டுக் கொடுத்த மாத்திரைகள் தண்ணீரில் கரைந்து மாவாகியிருந்தன. தார்ப்பாய்க்கு அலைந்த எங்களுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

பத்து நாளில் அண்ணனுக்குத் தூக்கம் போனது. அப்புறம் ஒரு இரவு வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "விஷம் கலந்திருக்கு, யாரும் குடிக்காதீங்க" என்று கத்தினார். ஊரைக் காப்பாற்றத்தான் அங்கே நின்றிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கரையில் நாற்பது பேர், எல்லார் டார்ச்சும் அவர் முகத்தில். ஒருவர் மாட்டுக் கயிறு கொண்டுவந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

தகவல் கேட்டு வந்த ஏட்டய்யா முதலில் டார்ச்சை எல்லாம் அணைக்கச் சொன்னார். கூட்டத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து, "தம்பி, சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றார். விஷம் உண்டா இல்லையா என்று வாதாடவே இல்லை. அண்ணன் கரையேற ஒன்றரை மணி நேரம் ஆனது. ஸ்டேஷனுக்கா என்று அம்மா அழுதபோது, "லாக்கப்பில வைக்கவே கூடாதும்மா, ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இப்படிப்பட்டவரைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு அது தெரிந்திருந்தது. தெரியாத ஒருவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் பதறுகிறேன். சட்டத்தின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அண்ணனின் ஆஸ்பத்திரி நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:

மாமியாரைக் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைத்தோம். டாக்டர் எழுதிய மாத்திரையையும் விடாமல் கொடுத்தோம். கோயிலா மருந்தா என்று சண்டை போட எனக்கு மனசில்லை, சங்கிலி மட்டும் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் செத்தார்கள். அதற்குப் பிறகும் "கட்டிப் போடுங்க" என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு.

அத்தை வீடு திரும்பியபோது தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் மறுநாள் காலையில் உதிரி மல்லியும் வாழைநாரும் எடுத்துக்கொண்டு வந்து, "அத்தை, கொஞ்சம் கை குடுங்க, முகூர்த்த நாள், எனக்குக் கட்டி மாளலை" என்றார். முதல் முழம் கோணல்மாணலாக வந்தது. அக்கா அதையும் மற்ற பூவோடு சேர்த்தே கூடையில் வைத்தார். மத்தியானத்துக்குள் அத்தை எட்டு முழம் கட்டிவிட்டார்.

மயிலாடுதுறையிலிருந்து:

அம்மாவின் சர்க்கரை மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது. தம்பியின் மனநோய் மாத்திரைக்கு மட்டும் ஒரு நாள் கூலியை விட்டு இரண்டு பஸ் மாற வேண்டும். அறுப்பு நேரத்தில் போக முடியாது, மாத்திரை நின்றுவிடும். போன தை மாதம் இரவு ஒன்றரை மணிக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்தேன். காசு கிடையாது, தமிழிலேயே பேசினார்கள். குரலைத் தாழ்த்துங்கள், அரிவாளைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். விடியும்வரை அதை வைத்துத்தான் சமாளித்தோம்.

சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் இதையும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். பட்டியலில் இல்லையே தம்பி என்றார். சரி, அக்டோபர் 2 கிராம சபையில் மனுவாகவே கொடுக்கப்போகிறேன். இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.