சி.சி.என்.ஏ-வுக்குப் பணம் கட்டலாமா? ஆள் எடுப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். தம்பி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வான சி.சி.என்.ஏ எழுதியே தீருவேன் என்று நிற்கிறான். கட்டணம் 300 டாலர், வரி தனி. சின்னத் தோட்டத்துக் கொழுந்துக் காசில் அதை எடுப்பது லேசில்லை. வாங்கிய சான்றிதழும் 3 வருடத்தில் காலாவதி.

பையன் சோம்பேறி இல்லை. ராத்திரி பன்னிரண்டு வரை பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் ரவுட்டர்களை இணைத்துக்கொண்டிருப்பான்; மழைக்குக் கரண்ட் போனால்தான் படுப்பான். போன மாதம் கோவையில் ஒரு நேர்முகத்தில் முதல் கேள்வியே ‘சான்றிதழ் இருக்கிறதா?’ அப்புறம், /26 சப்நெட்டில், அதாவது அந்த அளவுள்ள ஒரு நெட்வொர்க் துண்டில், எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். 62 என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். இன்னும் தகவல் இல்லை.

ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களே, சான்றிதழ் இல்லாத விண்ணப்பத்தை முதல் வடிகட்டலிலேயே தள்ளிவிடுவீர்களா? டம்ப், அதாவது வெளியே கசிந்த கேள்வி-பதில் தொகுப்பை, மனப்பாடம் செய்து தேறியவன் உங்கள் முன்னால் உட்கார்ந்தால் தெரிந்துவிடுமா? 100 டாலருக்கு அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் என்ற அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறதே, நெட்வொர்க் வேலை தேடுகிறவனுக்கு அது உதவுமா? இல்லை, சம்பளம் குறைவானாலும் ஏதாவது ஹெல்ப்டெஸ்க்கில் முதலில் சேரச் சொல்லட்டுமா? மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும் என்கிறான், அதற்குள் சொன்னால் நல்லது.