புதுப்பிப்பு: எலக்ட்ரிக் கிட்டாருக்குக் கம்பி மாற்றியாயிற்று

என் முதல் கிட்டாரின் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, புதிதாக 9 போடுவதா 10 போடுவதா (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டடாரியோ என்ற கம்பி நிறுவனத்தின் 9-42 செட் வாங்கினேன், நிக்கல் பூசிய எஃகு. அதாவது மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042.

முடிவெடுக்க உதவியது ஒருவர் சொன்ன ஸ்கேல் நீளக் கணக்கு, அதாவது கம்பியின் அதிரும் பகுதியின் நீளம். என்னுடையது ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வகை, 25.5 அங்குலம். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரில் அது சுமார் 24.75தான். ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினாலும் நீளமான கழுத்தில் இழுவிசை கூடும். பழகாத விரலுக்கு அந்த வித்தியாசம் பெரிது, அதனால்தான் மெல்லிய 9.

முதலில் போன கடையில் அகூஸ்டிக்குக்கான வெண்கலக் கம்பியை எடுத்துக் கொடுத்தார்கள். நல்லவேளை, உறையைப் படித்தேன். மேலே சுற்றியிருக்கும் வெண்கலத்தைப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) காந்தம் உணராது, ஒலி சமமாக வராது.

ட்ரெமொலோ பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும், ஸ்பிரிங்கில் அசையும் பாகம்) என்பதால் ஒவ்வொன்றாகவே மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பின்னாலுள்ள ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்துவிடும். அப்புறம் 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டி) அருகே ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தூக்கி இழுத்தேன்; சுருதி சட்டென்று இறங்கியது. நாலு முறை திரும்பத் திரும்ப ட்யூன் செய்தபின் அசையாமல் நின்றது.

இப்போது ஜி கம்பியை (மூன்றாவது கம்பி) 7ஆம் ஃப்ரெட்டில் பக்கவாட்டில் தள்ளினால் சுருதி முழு டோன் ஏறுகிறது, விரல் நுனி எரியவில்லை. நேற்று ஒரு மணி நேரம் வாசித்தேன்!