ஹைடல்பெர்க்கில் ஒரு கோடை: ஜெர்மன் யாரோடு பேசிப் பழகினேன்?

கோடைக்கால வெளிநாட்டுப் படிப்பு என்றாலே விசா, செலவு, சான்றிதழ் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லாத ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஜெர்மனியில் நான் ஜெர்மன் பேசிப் பழகியது ஜெர்மன்காரர்களோடு அல்ல, என்னைப் போலவே வெளியிலிருந்து வந்தவர்களோடுதான்.

2022 ஆகஸ்ட். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஜெர்மன் வகுப்பு நடத்துகிறது. 1386-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஜெர்மனியிலேயே பழையது. நான் திருச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஊரடங்குக் காலத்தில் ஆன்லைனிலேயே ஏ2 வரை, அதாவது ஏ1-க்கு அடுத்த இரண்டாம் நிலை வரை, ஜெர்மன் முடித்திருந்தேன். இலக்கணம் ஓரளவு கைவசம் இருந்தது, வாய்தான் வரவில்லை.

அங்கே போனால் வந்துவிடும் என்று நம்பித்தான் போனேன். ஆனால் ரொட்டிக்கடையில் வரிசையில் நின்று, மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டி, வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து வாயைத் திறப்பேன். பாதி சொல்வதற்குள் கடைக்காரப் பெண் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். டிராமில் வழி கேட்டாலும் இதே கதைதான். அவர்கள் உதவி செய்வதாக நினைத்துத்தான் மாறுகிறார்கள். கோட்டை பார்க்க உலகமே வந்து போகிற ஊர் அது. எனக்கோ ஒவ்வொரு முறையும் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் வகுப்பு அப்படி இல்லை. இத்தாலியிலிருந்து வந்த, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். சங்கீதம் படிக்கும் கொரியப் பையன். பிரேசிலிலிருந்து ஒருத்தன், அவன் கொள்ளுத்தாத்தா ஜெர்மானியராம். அப்புறம் உக்ரைனின் கார்கிவ் நகரத்திலிருந்து மார்ச் மாதம் மகனோடு வந்து சேர்ந்த ஒரு அக்கா. இத்தாலிய டீச்சருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. கார்கிவ் அக்காவுக்கும் கொஞ்சம்தான். ஆக, எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன் மட்டும். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்ட ஒரு சொல் வரும். டெர் போட வேண்டிய இடத்தில் தாஸ் போட்டாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை, அடுத்தவருக்கும் சரியாகத் தெரியாதே.

மதியம் மார்ஷ்டால் உணவகத்தில் சாப்பிடுவோம். நெக்கார் ஆற்றங்கரையில் பழைய ஆயுதக்கிடங்கு, இப்போது மாணவர் உணவகம். வேண்டியதைத் தட்டில் எடுத்து வைத்தால் எடை போட்டுக் காசு வாங்குவார்கள். சைவக்காரர்களுக்கு வசதி, உருளைக்கிழங்கும் காய்கறியும் எப்போதும் இருக்கும். வெளி முற்றத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவோம். வகுப்பில் படித்தது அங்கேதான் நாக்கில் ஏறியது.

அந்தக் கோடையில் ஒன்பது யூரோ டிக்கெட் என்று ஒன்று இருந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களுக்கு மட்டும் அரசு கொண்டுவந்தது. மாதம் 9 யூரோ கட்டினால் நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எதில் வேண்டுமானாலும் போகலாம். ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில்கள் மட்டும் சேராது. அன்றைய கணக்கில் எண்ணூறு ரூபாய்கூட வராது. சனி, ஞாயிறு ரயில்களில் கால் வைக்க இடமிருக்காது. நம்மூர் முன்பதிவில்லாப் பெட்டியைப் பார்த்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் ரைன் நதி பார்க்கக் கிளம்பினோம். மன்ஹைமில் ரயில் மாற வேண்டும். நடைமேடை நெரிசலில் நிற்கும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எனக்கு ஒரு எண் மட்டும் காதில் விழுந்தது. கொரியப் பையன் என் முகத்தைப் பார்க்கிறான், நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன். அதற்குள் கார்கிவ் அக்கா இத்தாலிய டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கிவிட்டார். நடைமேடை மாறிவிட்டதாம். நாங்களும் பின்னாலேயே ஓடி ஏறினோம். வந்து அரை வருஷம்கூட ஆகவில்லை, எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். வந்த புதிதில் பெர்லினில் இறங்கி, மகனை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாறினாராம். "அப்போது அறிவிப்பு ஒவ்வொன்றையும் கேட்டே ஆக வேண்டியிருந்தது" என்றார். வகுப்பில் எழுத்துத் தேர்வில் என்னைவிடக் குறைவாக மதிப்பெண் எடுப்பவர் அவர். அன்றிலிருந்து நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு மைன்ஸ் தாண்டி கௌப் என்ற சின்ன ஊர் வரை போனோம். அங்கே ஆற்றின் நடுவே 14-ஆம் நூற்றாண்டில் படகுகளிடம் சுங்கம் வசூலிக்கக் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. வழக்கமாகப் படகில்தான் போக முடியும். அந்த ஆகஸ்டில் ரைன் அப்படி வற்றிப்போயிருந்தது, காய்ந்த கல்படுகை மேல் மக்கள் கோட்டைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். கௌப் அளவுகோலில் நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தது. சரக்குக் கப்பல்கள் பாரத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்தன.

இத்தாலிய டீச்சர் தன் ஊர்ப் பக்கம் 'போ' என்ற நதியும் இப்படித்தான் கிடக்கிறது என்றார். எங்கள் காவிரியில் இதே மாதம் வெள்ளம் என்றேன் நான். அவர் நம்பவில்லை. மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபத்தில் எடுத்த படங்களை அம்மா அனுப்பியிருந்தாள், அதைக் காட்டினேன். அணை என்றால் என்ன, ஆடி பதினெட்டு என்றால் என்ன, ஆற்றுக்கு ஏன் காதோலை கருகமணி விடுகிறார்கள் என்றெல்லாம் தெரிந்த சொற்களை வைத்தே விளக்கினேன். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். கார்கிவ் அக்கா விடாமல் கேள்வி கேட்டார். திரும்பும் ரயிலில்தான் உறைத்தது, அவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட நான் பேசவில்லை.

இன்னும் நிறைய இருக்கிறது. அடக்கமில்லாத மாணவர்களை 1914 வரை அடைத்து வைத்த பல்கலைக்கழகச் சிறை, சுவரெல்லாம் அவர்கள் வரைந்த படங்கள். மின்விசிறியே இல்லாத விடுதி அறை. அதையெல்லாம் யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு பதில்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். மதுரையில் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் தமிழ் கற்றுக் கொடுக்கிறது. அங்கே கோடையில் படிக்க வந்த அமெரிக்கப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். ஆட்டோக்காரரிடம் "தெப்பக்குளம் போகணும், எவ்வளவு?" என்று அழகாகக் கேட்பாள். அவர் "டூ ஹண்ட்ரட் மேடம்" என்பார். நானும் அப்படித்தான், என்னை அறியாமல் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். என் அப்பத்தாவுக்கு மட்டும் அந்த வழியில்லை. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசுவார்கள். ஊருக்குப் போகும்போது அவள் "அங்கிட்டு", "இங்கிட்டு" என்றுதான் பேசினாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் யாராவது தமிழில் பேசினால் தயவுசெய்து தமிழிலேயே பதில் சொல்லுங்கள், தாமதமானாலும் பரவாயில்லை. அப்பத்தா போன பிறகு எனக்கு இது ரொம்பவே தோன்றுகிறது.

கோவையிலிருந்து ஒரு கேள்வி

அக்கா, அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். ஏ1 போதுமா? செலவு பற்றியும் சொல்லுங்களேன்.

முதலில் எழுதியவர்

மதுரை அண்ணா, அப்பத்தா பற்றி எழுதியதற்கு நன்றி. இதை என் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

கோவைத் தம்பி, ஏ1-ஓடு போனால் வகுப்பு நடக்கும், மற்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது சிரமம். ஏ2 முடித்துவிட்டுப் போ. ஒரு மாதத்துக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகிய கால விசா போதும். எனக்கு அப்போது கட்டணம் 80 யூரோ, 2024 ஜூனிலிருந்து 90 ஆக்கிவிட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு, வகுப்பில் இடம் உறுதியானதுமே அதைப் பதிவு செய். கோடை வகுப்புகளுக்கு டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு உதவித்தொகை கொடுத்துவந்தது, முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தைப் பார்த்து வை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிக்கொள். பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதே, கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். விடுதி அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடாமல், பொதுச் சமையலறையில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு சேர்ந்து சமை. வேறு சந்தேகம் இருந்தால் இங்கேயே கேள்.