பழைய இங்கிலாந்து ஃபிடில் கையெழுத்துப் புத்தகம்: இந்த எஃப்புக்கு ஷார்ப் உண்டா?

மூன்று வாரமாக ஒரே பக்கத்தில் சிக்கி நிற்கிறேன். யார்க்‌ஷயரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையெழுத்து டியூன் புத்தகம். கோட்டுப் பைக்குள் போகும் அளவு, அகலவாக்கில் தைத்தது. அட்டையின் உள்பக்கத்தில் 1826 என்று மட்டும் இருக்கிறது. பெயர் இருந்த மூலை கிழிந்துவிட்டது.

நடுவில் தலைப்பில்லாத ஹார்ன்பைப் (ஒரு வகை நடன மெட்டு) ஒன்று. 3/2 தாளம், நான்கு பார் (தாளச் சுற்று) வீதம் இரண்டு பகுதி, ஜி-யில் முடிகிறது. ஆனால் கீ சிக்னேச்சரே இல்லை, அதாவது எந்தச் சுரத்துக்கு ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றம்) என்று வரித் தொடக்கத்தில் போடும் குறி. முதல் பகுதியில் எஃப் ஐந்து இடத்தில் வெறுமனே வருகிறது. இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு எஃப்புக்கு மட்டும் ஷார்ப், அதுவும் வேறு மையில், பிறகு யாரோ சொருகியது போல.

முதல் இரண்டு பாரை ஏபிசி குறியீட்டில் (சுரங்களை ஆங்கில எழுத்துகளாக எழுதும் முறை) தட்டி இணையத்தில் தேடினேன், எதுவும் சிக்கவில்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் வில்லியம் விக்கர்ஸ் 1770இல் எழுதிய தொகுப்பில் 3/2 டியூன்கள் உண்டென்று அதையும் புரட்டினேன். ஒத்துவரவில்லை. இதே புத்தகத்தின் மற்ற ஜி டியூன்களைப் பார்த்தால், பாதிக்கு ஷார்ப் போட்டிருக்கிறார், பாதிக்கு இல்லை. மனிதர் அவ்வளவு கவனம்!

அப்புறம் இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தேன். என் கர்நாடகக் காதுக்கு ஷார்ப் போட்டால் சங்கராபரணம், விட்டால் ஹரிகாம்போதி. இரண்டுமே நன்றாக இருப்பதுதான் வம்பு. பார்டர் பைப்பிலிருந்து (இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியின் பைக்குழல்) வந்த டியூன் என்றால் ஏழாம் சுரமான எஃப் இறங்கியிருப்பதும் நியாயமே.

இப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதிகளிலிருந்து வாசித்தவர்கள் சொல்லுங்கள்: எஃப்பை எழுதியபடியே எடுப்பதா, மறதி என்று கொண்டு ஷார்ப்பாக வாசிப்பதா?